நோரவாங்க்கின் அந்தரப் படிகள்: ஏறித்தான் ஆக வேண்டுமா?

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கும் மகனைப் பார்க்கப் போகிறீர்கள், 68 வயது அம்மாவும் கூட வருகிறார், முழங்கால் வலி உண்டு, நோரவாங்க் மடத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டு போகும் அந்தக் குறுகலான கல்படியில் அவரால் ஏற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: "ஏற முடியாவிட்டால் அவ்வளவு தூரம் போய் என்ன பயன்?" எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் பட்டது. படத்தில் பார்ப்பவர்களுக்கு நோரவாங்க் என்றாலே அந்தப் படிதான் என்று ஆகிவிட்டது, அதனால் படி ஏறாவிட்டால் எதையோ இழந்ததுபோல ஒரு பயம் வருகிறது.

நான் கட்டடப் பொறியாளன். இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய கற்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஆர்மீனியாவுக்கு வேலைக்காகப் போனதில்லை, ஆர்வத்தில் மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் நோரவாங்க்குக்குப் போனேன். ஆர்மீனிய மொழி படிக்கத் தெரியாது, கல்வெட்டு வாசகங்களை மற்றவர்கள் மொழிபெயர்த்துச் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். கல், சுவர், படி பற்றிச் சொல்வதை நம்பலாம், சமயக் கலை பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

முதலில் நேரடியான பதில். அம்மாவை ஏற்ற வேண்டாம். முழங்கால் நன்றாக இருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன். மொத்த உயரம் ஒரு மாடி அளவுதான், அதனால் கீழிருந்து பார்க்கும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் படியின் அகலம் ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கொள்ளக்கூட இடம் தராது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை, எதிரில் ஒருவர் வந்தால் ஒதுங்க வழியில்லை, நூற்றாண்டுகளாக மிதிபட்ட கல் வழவழப்பாக இருக்கிறது. ஏறுவது பிரச்சினையே இல்லை. இறங்கும்போதுதான் கால் நடுங்கும், ஏனென்றால் அப்போதுதான் ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை என்பது கண்ணில் படும். நீங்களோ மகனோ ஏறினால், இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோலச் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி இறங்குங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. மழை பெய்த அன்றும் பனிக்காலத்திலும் யாருமே ஏறாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆர்மீனியாவில் பக்தியுள்ளவர்கள் தேவாலயத்தை விட்டு வரும்போது பீடத்துக்கு முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டுவார்கள். மரியாதைக்காக அதை நாமும் செய்ய ஆசை வரும். மேல்மாடி வாசலில் மட்டும் அந்த மரியாதையைத் தயவுசெய்து மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு வெளியே நிற்க ஒரு சின்ன இடம்தான், அதற்கப்புறம் காற்று.

சரி, ஏன் அப்படி ஒரு படி? இங்கிருந்துதான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்தக் கட்டடத்தின் பெயர் சுர்ப் அஸ்த்வாட்ஸாட்ஸின், அதாவது இறைவனின் தாய். கட்டச் சொன்ன இளவரசர் புர்டெல் ஓர்பேலியன் பெயரால் புர்டெலாஷென் என்றும் சொல்வார்கள். 1339இல் முடிந்தது. வெளியிலிருந்து ஒரே தேவாலயம்போலத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தனித்தனி அறைகள். கீழே புர்டெல் குடும்பத்தின் கல்லறை அறை, செவ்வக வடிவம், இருட்டு. அதன் தலைமேல் சிலுவை வடிவத்தில் ஒரு சிறு தேவாலயம். அதற்கும் மேலே, வழக்கமான மூடிய கோபுரத்துக்குப் பதிலாக, தூண்கள் மட்டும் வட்டமாக நிற்க மேலே கூம்புக் கூரை, நாலு பக்கமும் திறந்த ஒரு மண்டபம்போல. கீழே இறந்தவர்கள், நடுவில் பூசை, மேலே வெளிச்சம். கீழே கனம், மேலே போகப் போக லேசு. நான் பார்த்த கட்டடங்களில் இவ்வளவு சின்ன அளவில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்ததைச் சொன்ன கட்டடம் அதிகமில்லை.

இரண்டு அறையை இப்படி அடுக்கியதும் மேல் அறைக்கு எப்படிப் போவது என்ற கேள்வி வருகிறது. உள்ளே படி வைத்தால் ஏற்கெனவே சின்னதான கல்லறை அறையில் பாதி போய்விடும். சுவருக்குள் படி குடையலாம், அதற்குச் சுவர் இன்னும் தடிமனாக வேண்டும், தடித்தால் அந்த மெலிந்த உருவம் கெட்டுவிடும். அதனால் படியை வெளியே தள்ளிவிட்டார்கள் என்பது என் ஊகம், கட்டியவர் எழுதி வைத்த காரணம் இல்லை. ஆனால் வெளியே தள்ளிய விதத்தில்தான் கைதேர்ந்த ஆள் தெரிகிறார். மேற்குச் சுவரின் இடது ஓரத்திலிருந்து ஒரு வரிசை, வலது ஓரத்திலிருந்து ஒரு வரிசை, இரண்டும் சரிந்து ஏறி நடுவில் மேல்வாசலில் சேருகின்றன. அந்த முக்கோணத்துக்குள் கீழ்வாசல் சிற்பத்தோடு அடங்கியிருக்கிறது. படியே வாசலுக்குச் சட்டம் போட்டதுபோல.

கீழே தூண் இல்லை, வளைவு இல்லை, பின்னே எப்படி நிற்கிறது என்று பலரும் ஆச்சரியப்படுவார்கள். நம் ஊர்ப் பக்கம் பழைய கமலைக் கிணற்றில் இறங்கிய யாருக்கும் இது புதிதில்லை. கிணற்றுச் சுவரில் நீளக் கற்பலகையின் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை வெளியே நீட்டி விட்டிருப்பார்கள், அதில் கால் வைத்து இறங்குவோம். இங்கும் அதே தத்துவம்தான். சுவருக்குள் போயிருக்கும் பகுதியின்மேல் மொத்தச் சுவரின் எடையும் உட்கார்ந்திருக்கிறது, அதனால் வெளியே நீண்ட முனையில் ஒரு ஆள் நின்றாலும் உள்முனை எழும்பாது. ஆர்மீனியச் சுவர்கள் வெளியே பார்க்கத்தான் முழுக் கல், உண்மையில் உள்ளும் புறமும் செதுக்கிய கற்களை அடுக்கி, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி இறுக வைத்தவை. அந்த நடுப்பகுதி இறுகியதும் படிக்கல்லைப் பல்லைப்போலக் கவ்விக்கொள்ளும். ஆக, படி "தொங்குகிறது" என்று வழிகாட்டிகள் சொல்வது வியாபாரப் பேச்சு. ஆனால் கிணற்றுக்குள் யாரும் பார்க்காத ஒரு வேலையை முகப்பில் கொண்டுவந்து நிறுத்தி அழகாக்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

இதை யார் கட்டினார் என்ற இடத்தில் உறுதியானதையும் சொல்லக் கேட்டதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மோமிக் என்ற பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் கட்டடக் கலைஞர், சிற்பி, ஏட்டுச் சுவடிகளில் ஓவியம் தீட்டியவர், மூன்றிலும் பெயர் பெற்றவர். போகும் வழியில் அரேனி கிராமத்தில் 1321இல் எழுந்த தேவாலயமும் அவர் வேலைதான். நோரவாங்க்கிலேயே அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது, 1333 என்ற ஆண்டோடு, சின்னதாக, ஆரவாரம் இல்லாமல். இப்போது கணக்குப் பாருங்கள், ஆள் இறந்தது 1333, கட்டடம் முடிந்தது 1339. வடிவமைப்பு அவருடையது என்று கொண்டாலும் கடைசி ஆறு வருட வேலையை அவர் பார்க்கவில்லை, வேறு கைகள் முடித்திருக்கின்றன. இது உறுதி.

அங்கே போனதும் உங்கள் ஓட்டுநர் ஒரு கதை சொல்வார், கட்டாயம் சொல்வார். மோமிக் இளவரசரின் மகளைக் காதலித்தான், மூன்று வருடத்தில் ஒப்பற்ற தேவாலயம் கட்டினால் பெண் தருகிறேன் என்றார் இளவரசர், முடிகிற நேரத்தில் ஆள் அனுப்பி உச்சியிலிருந்து தள்ளிவிட்டார் என்று. கல்லறைக் கல்லில் அப்படி ஒன்றும் இல்லை. சிற்பியைக் கொன்ற அரசன் கதை இல்லாத பெரிய கட்டடம் எந்த நாட்டில்தான் இருக்கிறது? ஆனால் கதை ஏன் பிறந்தது என்று எனக்குப் புரிகிறது. முடியாத கட்டடம், நடுவில் இறந்த கலைஞர், ஏறும்போதே விழுந்துவிடுவோம் என்று பயமுறுத்தும் படி, மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் கதை தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். அம்மாவுக்குச் சொல்லுங்கள், ரசிப்பார்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஏறாவிட்டால் என்ன பயன்? நான் ஏறிப் பார்த்திருக்கிறேன், மேலே உள்ள அறை சின்னது, சுவர்கள் பெரும்பாலும் வெறுமை, மேலிருந்து விழும் வெளிச்சம் ஒன்றுதான் அங்கே பார்க்க வேண்டியது. அது நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சிற்பியின் உழைப்பெல்லாம் வெளியே, தரையில் நிற்பவர் பார்ப்பதற்காக இருக்கிறது. கீழ்வாசலின் மேல் அரைவட்டத்தில் மரியாளும் குழந்தையும், இரு பக்கமும் கபிரியேலும் மிக்கேலும். மேல்வாசலின் மேல் கிறிஸ்து, பக்கத்தில் பேதுருவும் பவுலும். படியில் ஏறி நிற்பவனுக்கு இந்த மேல்சிற்பம் தலைக்கு மேலே கழுத்து ஒடியப் பார்க்க வேண்டியதாகிவிடும், பத்தடி தள்ளிக் கீழே நிற்பவருக்குத்தான் இரண்டும் ஒன்றாகத் தெரியும். உச்சியில் அந்தத் திறந்த மண்டபத்தின் மேற்குத் தூண்களிலும் உருவங்கள் உண்டு: குழந்தையோடு மரியாள், பக்கத்தில் ஆடம்பர உடையில் இரண்டு ஆண்கள், ஒருவர் கையில் தேவாலயத்தின் சிறு மாதிரி. கட்டிக்கொடுத்த குடும்பம் தன்னையே மேலே ஏற்றி வைத்துக்கொண்டது. அவற்றைப் பார்க்க ஒரு சின்ன தொலைநோக்கி எடுத்துப் போங்கள், அல்லது மகனின் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அம்மா கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், கீழ் அறைக்குள்ளும் போய் வரலாம். இந்தக் கட்டடம் கட்டப்பட்டதே அந்தக் கீழ் அறைக்காகத்தான்.

ஒரு முக்கியமான விஷயம், நேரம். எல்லா ஆர்மீனியத் தேவாலயங்களையும்போல இதற்கும் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. அதனால் காலையில் போனால் படியும் சிற்பமும் நிழலில் கிடக்கும், தட்டையாகத் தெரியும். முதல் முறை நான் அந்தத் தவறைச் செய்தேன், காலை ஒன்பதரைக்குப் போய் நின்று, இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். மதியம் தாண்டியதும் வெயில் மேற்குச் சுவரில் பக்கவாட்டாக விழும், ஒவ்வொரு படியும் சுவர்மேல் ஒரு நிழல் போடும், தேன் நிறக் கல் பின்னால் இருக்கும் செம்மலையோடு சேர்ந்து எரிவதுபோல ஆகும். கோடையில் அந்தப் பள்ளத்தாக்கு சூடாகவும் இருக்கும் என்பதால் நான்கு மணிக்கு மேல் போவது அம்மாவுக்கும் நல்லது.

அந்த ஒரு கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள். நோர் என்றால் புது, வாங்க் என்றால் மடம், ஆக நோரவாங்க் என்பது புதுமடம். 1105இல் ஹோவ்ஹன்னெஸ் என்ற ஆயர் நிறுவினார், இப்போது அதற்குத் தொள்ளாயிரம் வயதுக்கு மேல். பக்கத்தில் இருக்கும் சுர்ப் கராபெட் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தேவாலயம், அதன் மேற்கே ஒட்டி ஒரு முன்மண்டபம், அதைக் கவித் என்பார்கள். கவித்தின் வாசலுக்கு மேலே உள்ள சன்னலைப் பாருங்கள், அங்கே பெரிய தலையும் தாடியும் வாதுமை வடிவக் கண்களுமாகத் தந்தையாகிய கடவுளையே செதுக்கியிருக்கிறார்கள். கிறிஸ்துவைச் செதுக்குவது சாதாரணம், தந்தையை இப்படி நேருக்கு நேர் உருவமாக்கியது அந்தக் காலத்தில் அபூர்வம். அதற்குக் கீழே, கதவின் மேல் மரியாள் உட்கார்ந்திருப்பது குஞ்சம் வைத்த ஒரு கம்பளத்தின் மேல். யாரோ வீட்டுக் கூடத்தில் விரித்த கம்பளம்போல இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சிற்பம். அந்தக் கண்களின் சாயலை வைத்து மங்கோலியர் தாக்கம் என்பார்கள். ஓர்பேலியன் குடும்பத்துக்கும் மங்கோலியருக்கும் உறவு இருந்தது உண்மை. சுற்றிலும் எல்லாம் அழிந்துகொண்டிருந்த காலத்தில் சும்பாத் ஓர்பேலியன் என்பவர் மங்கோலியரின் தலைநகரான கரகோரம் வரை போய்ப் பேரரசனைப் பார்த்துத் தன் நிலத்துக்குப் பாதுகாப்பு வாங்கி வந்தார். அந்த அமைதியின் காசில்தான் இந்தச் சிற்பங்கள். ஆனால் ஒரு கண்ணின் வடிவத்தை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. உள்ளே சுர்ப் கிரிகோர் என்ற சிறு கூடத்தில் ஓர்பேலியன் குடும்பக் கல்லறைகள் இருக்கின்றன, அதில் எலிகும் என்பவருடைய 1300ஆம் ஆண்டுக் கல்லில் சிங்க உடலும் மனித முகமுமாக ஒரு உருவம் படுத்திருக்கும். நரசிம்மத்தைத் தலைகீழாகப் போட்டதுபோல என்று நான் சொன்னபோது கூட வந்தவர் சிரித்துவிட்டார்.

நீங்கள் பார்க்கப் போவதில் எவ்வளவு பழசு, எவ்வளவு புதுசு என்பதையும் சொல்லிவிடுகிறேன், தொழில் பழக்கம். 1840இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் சுர்ப் அஸ்த்வாட்ஸாட்ஸினின் உச்சி இடிந்து விழுந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அது மொட்டையாகவே நின்றது, பழைய புகைப்படங்களில் அப்படித்தான் இருக்கும். 1997இல்தான், கனடாவில் வாழும் ஒரு ஆர்மீனியக் குடும்பத்தின் பண உதவியோடு, தூண்களையும் கூரையையும் திரும்ப நிறுத்தினார்கள். கீழே நின்று பார்த்தாலே கல்லின் விளிம்பு எங்கே மழுங்கியிருக்கிறது, எங்கே கத்திபோல இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இப்படித் திரும்பக் கட்டுவது சரியா என்று எங்கள் தொழிலில் ஓயாத சண்டை உண்டு. பொதுவாக நான் எதிர்ப்பவன். இந்த ஒரு இடத்தில் மட்டும் என்னால் எதிர்க்க முடியவில்லை, ஏனென்றால் அந்த உச்சி இல்லாமல் கீழிருந்து மேலே லேசாகும் அந்தக் கணக்கே முடியாது.

போகும் வழி: யெரெவானிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். பொது வண்டியில் நெடுஞ்சாலை வரை போகலாம், அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் எட்டு கிலோமீட்டர் போல இருக்கிறது, அதனால் அம்மாவோடு என்றால் வாடகைக் கார்தான், வேறு யோசனை வேண்டாம். வண்டி மடத்துக்குக் கிட்டத்திலேயே நிற்கும், அங்கிருந்து கொஞ்சம் ஏற்றம், மேடு பள்ளமான தரை, ஒரு கைத்தடி இருந்தால் போதும். சாப்பிட ஒரு உணவகமும் கழிப்பறையும் உண்டு. வழியில் கோர் விராப் மடத்தில் நிறுத்தி அரராத் மலையைப் பாருங்கள், ஆனால் அங்கே நிலவறைக்குள் இறங்கும் செங்குத்தான இரும்பு ஏணியையும் அம்மா விட்டுவிடட்டும். பள்ளத்தாக்கின் வாயில் உள்ள அரேனி குகையில்தான் 5500 வருடத்துப் பழைய ஒற்றைத் தோல் செருப்பு கிடைத்தது, ஆறாயிரம் வருடத்துக்கு முந்தைய திராட்சை மது தயாரிப்பு இடமும் அங்கேதான். இன்றைக்கும் அதே ஊரில் சாலையோரம் கோலா பாட்டில்களில் ஒயின் ஊற்றி விற்கிறார்கள்.

"இதேபோல வேறு எங்காவது?" என்றும் கேட்டிருந்தீர்கள். யெரெவானுக்கு வடக்கே பக்கத்திலேயே யெக்வார்ட் ஊரில் ஒன்று இருக்கிறது, அதே காலம், அதே யோசனை, கீழே கல்லறை, மேலே தேவாலயம், உச்சியில் திறந்த தூண் மண்டபம். சுவரில் மிருகங்கள் ஒன்றையொன்று பாயும் சிற்பங்கள், ஊர் நடுவில் இருப்பதால் நடையும் குறைவு. ஒரு நாளில் நோரவாங்க் வரை போக அம்மாவுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பாதியாவது கிடைக்கும்.

அப்புறம், நீங்கள் சென்னைக்காரர் என்று எழுதியிருந்ததால் ஒரு சேதி. பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அந்த "அரண்மனைக்காரன்" வேறு யாருமில்லை, ஆர்மீனியர்கள்தான், பெயர் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. அங்கே இருக்கும் பழைய ஆர்மீனியத் தேவாலயமும் மரியாளுக்கு உரியதுதான், நோரவாங்க்கின் அந்தக் கட்டடத்தைப் போலவே. பரங்கிமலைக்கு ஏறும் படிகளைக் கட்டிக் கொடுத்ததும் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்தான். அம்மா அந்தப் படிகளில் எப்போதாவது ஏறியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.